உலைப் புகையின் வெப்பத்தை என்ன செய்யலாம்?

தொழிற்சாலைப் புகைப்போக்கியைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் காதில் விழும். "இவ்வளவு சூடு வீணாகப் போகிறதே, அதிலிருந்து மின்சாரம் எடுக்கக் கூடாதா?" என்பது ஒன்று. "உலையை ஒழுங்காகக் கட்டியிருந்தால் சூடே வெளியே போகாது" என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் இரண்டும் இத்தனை காலம் தாக்குப்பிடிக்கின்றன. மின்சாரம் எடுக்கலாம், ஆனால் பெரும்பாலான உலைகளில் அது கடைசியாக யோசிக்க வேண்டிய வழி. உலையை எவ்வளவு திறமையாகக் கட்டினாலும் புகை சூடாகத்தான் வெளியேறும். அதற்குக் கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பொதுவாகப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும் என்பதால் ஒரே ஒரு உலையை எடுத்துக்கொள்வோம். ரோலிங் மில்லில், அதாவது சூடான எஃகை உருளைகளுக்கு இடையே அழுத்திக் கம்பியாக்கும் ஆலையில், இருக்கும் ரீஹீட்டிங் உலை. பில்லெட் எனப்படும் சதுர எஃகுத் துண்டுகளை ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி உருளைகளுக்கு அனுப்புவது இதன் வேலை. வீடு கட்ட நாம் வாங்கும் கம்பிகளில் பல இப்படி ஒரு உலையைக் கடந்து வந்தவைதான். எரிபொருள் ஃபர்னஸ் ஆயில் எனப்படும் கெட்டியான எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம்.

## கொடியடுப்பு

விறகடுப்பு இருந்த வீடுகளில் பெரிய அடுப்பை ஒட்டிக் கொடியடுப்பு ஒன்று இருக்கும். விறகு வைக்கும் வாய் ஒன்றுதான். பெரிய அடுப்பில் சோற்றுக்கு உலை வைத்தால், எஞ்சிய தழலும் புகையும் உள்வழியாகக் கொடியடுப்புக்கு வரும். அதில் ரசம் நுரை கூட்டும், பால் சுண்டும். தனியாக ஒரு சுள்ளி கூட வைக்க வேண்டியதில்லை. கழிவு வெப்ப மீட்பு என்று இன்று பொறியியலில் படிப்பது இதைத்தான்: ஒரு வேலைக்காக எரித்த எரிபொருளின் புகையில் எஞ்சியிருக்கும் வெப்பத்தை இன்னொரு வேலைக்குப் பிடித்துக்கொள்வது.

கொடியடுப்பை ஆண்டவர்களுக்கு அதன் வரம்புகளும் தெரியும். அதில் அப்பளம் பொரிக்க முடியாது. அந்த அளவுக்குச் சூடு ஏறாது. பெரிய அடுப்பை அணைத்துவிட்டால் கொடியடுப்பும் அணைந்துவிடும். எனவே இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அடுப்பின் மேல் விளிம்பில் குமிழ் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு: பாத்திரம் வாயை முழுதாக அடைத்துவிட்டால் புகை போக வழியின்றி முகத்தில் அடிக்கும். போதிய சூடு, ஒத்துவரும் நேரம், தடையில்லாத புகைவழி. ஆலையில் கோடிக்கணக்கில் செலவழித்து வைக்கும் மீட்புக் கருவிகள் தோற்றுப்போவதும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான்.

## வெப்ப அளவும் வெப்பநிலையும்

பேச்சில் எல்லாவற்றையும் "சூடு" என்றே சொல்லிவிடுகிறோம். இங்கே இரண்டாகப் பிரிக்க வேண்டும். வெப்ப அளவு என்பது மொத்தம் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பது, கிலோஜூலில் சொல்வார்கள். வெப்பநிலை என்பது அது எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பது.

900 டிகிரியில் இருக்கும் 10 டன் புகையும் 200 டிகிரியில் இருக்கும் 50 டன் புகையும் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பத்தைச் சுமக்கின்றன. கணக்குப் புத்தகத்தில் இரண்டும் சமம். ஆனால் முதலாவதை வைத்து உயர் அழுத்த நீராவி உண்டாக்கலாம், உலைக்குப் போகும் காற்றைப் பல நூறு டிகிரிக்குச் சூடாக்கலாம். இரண்டாவதை வைத்து வெந்நீர் போடலாம், ஈரப் பொருளை உலர்த்தலாம். அதற்கு மேல் பெரிதாக எதுவும் நடக்காது. வெப்பம் எப்போதும் கூடிய வெப்பநிலையிலிருந்து குறைந்த வெப்பநிலைக்கே தானாகப் பாயும் என்பதுதான் காரணம். 200 டிகிரிப் புகை எத்தனை டன் இருந்தாலும் ஒரு பொருளை 201 டிகிரிக்கு ஏற்றாது.

"புகைப்போக்கியில் இத்தனை லட்சம் கிலோஜூல் போகிறது" என்று யாராவது ஆச்சரியப்பட்டால், அடுத்து கேட்க வேண்டியது "எத்தனை டிகிரியில்?" என்பதுதான்.

## புகை ஏன் சூடாகவே வெளியேறுகிறது

ரீஹீட்டிங் உலை நீளமானது. ஒரு முனையில் குளிர்ந்த பில்லெட்டுகளைத் தள்ளுவார்கள். மறுமுனையில் அவை கண் கூசும் ஆரஞ்சு மஞ்சளாக வெளியே வரும். முக்கியமான பர்னர்கள் பில்லெட் வெளியேறும் முனையில் இருக்கும். அங்கிருந்து கிளம்பும் புகை, பில்லெட் வரும் திசைக்கு எதிராகப் பயணித்து, உள்ளே நுழையும் முனையில் வெளியேறும். இப்படிப் பொருளும் புகையும் எதிரெதிராகச் செல்வதை எதிரோட்டம் என்பார்கள். மிகச் சூடான புகை மிகச் சூடான பில்லெட்டையும், ஆறிய புகை குளிர்ந்த பில்லெட்டையும் சந்திக்கும். ஒவ்வொரு இடத்திலும் வெப்பம் பாய வழி இருக்கும்.

பில்லெட்டை 1,200 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமானால் அந்த முனையில் புகை அதைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். பின்னோக்கி நகர நகர அது வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே வந்து, 800 அல்லது 900 டிகிரியில் வெளியேறுகிறது. உலையை இன்னும் நீட்டினால் என்ன என்று கேட்கலாம். இத்தகைய உலையில் வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே பொருளுக்குப் போய்ச் சேர்கிறது. வெப்பநிலை இறங்கும்போது கதிர்வீச்சு அதைவிட வேகமாகச் சரிந்துவிடும். ஆகவே கடைசி மீட்டர்களில் கிடைக்கும் பலன் சொற்பம். சுவரும் கூரையும் மட்டும் கூடிக்கொண்டே போகும், அவை வழியாகவும் வெப்பம் கசியும். ஓரிடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

## ஒரு கிலோ எண்ணெயின் கணக்கு

ஒரு கிலோ ஃபர்னஸ் ஆயில் எரிந்தால் சுமார் 40,000 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். அதை முழுதாக எரிக்க ஏறக்குறைய 14 கிலோ காற்று தேவை. நடைமுறையில் கொஞ்சம் கூடுதலாகவே காற்று விடுவார்கள்; இல்லாவிட்டால் எரியாத எண்ணெய் கரும்புகையாகப் போகும். தேவைக்கு மேல் விடும் இந்தக் காற்றுக்கு மிகைக் காற்று என்று பெயர். அது 20 சதவீதம் என்றால் உள்ளே போகும் காற்று சுமார் 17 கிலோ. எண்ணெயும் சேர்ந்து 18 கிலோ புகையாக வெளியே வருகிறது.

அந்த 18 கிலோ புகை 900 டிகிரியில் வெளியேறும்போது தூக்கிச் செல்வது சுமார் 18,000 கிலோஜூல். கொடுத்த வெப்பத்தில் 45 சதவீதம். உலைக்குள் தங்குவது 22,000 மட்டுமே. எஃகுக்கும், சுவர்க்கசிவுக்கும், மற்ற எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் பங்கு.

இனி பர்னருக்குப் போகும் 17 கிலோ காற்றை, வெளியேறும் புகையைக் கொண்டே 350 டிகிரிக்குச் சூடாக்கி அனுப்புவோம். அதற்குத் தேவைப்படுவது சுமார் 5,500 கிலோஜூல். எண்ணெயின் 40,000 உடன் ஒப்பிட்டால் 14 சதவீதம் கூட இல்லை. ஆகவே எண்ணெய்ச் செலவும் 14 சதவீதம்தான் குறையும் என்று தோன்றும். ஆனால் குறைவது 20 சதவீதம்.

இந்த இடத்தில் பலர் நம்ப மறுப்பார்கள், ஆகவே மெதுவாகப் பார்ப்போம். முன்பு ஒரு கிலோ எண்ணெய்க்கு 22,000 உலையில் தங்கியது. இப்போது காற்று கொண்டுவரும் 5,500 சேர்ந்து 27,500 தங்குகிறது. அதே வேலையைச் செய்ய 22,000 போதும் என்றால், எண்ணெய் 22,000 வகுத்தல் 27,500, அதாவது 0.8 கிலோ போதும். 100 கிலோ எரித்த இடத்தில் 80 கிலோ. மாயம் ஒன்றும் இல்லை. எண்ணெயிலிருந்து வரும் ஒவ்வொரு 100 கிலோஜூலிலும் 45 புகையோடு போய்விடுகிறது. சூடான காற்று கொண்டுவரும் வெப்பமோ புகையிலிருந்தே எடுத்தது. புதிதாகப் புகையை உண்டாக்குவதில்லை. உலைக்குள் 55 கிலோஜூல் சேர்க்க எண்ணெயிலிருந்து 100 எரிக்க வேண்டும். காற்று வழியாக 55 போதும்.

உலைப் புகையின் வெப்பத்தை அதே உலைக்குத் திருப்பி அனுப்புவதே முதல் வழி என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். வேறெங்கு அனுப்பினாலும் ஒரு கிலோஜூலுக்கு ஒரு கிலோஜூல் மதிப்புதான்; மின்சாரமாக்கினால் அதிலும் குறைவு.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியவை: புகையின் வெப்பநிலைதான் அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. 1,200 டிகிரி வேலை செய்யும் உலையிலிருந்து புகை சூடாகத்தான் வரும். அந்த வெப்பத்தைக் காற்று வழியாக உலைக்கே திருப்பினால், திருப்பிய அளவைவிட அதிகமான எரிபொருள் மிச்சமாகும்.

## திருப்பி அனுப்பும் இரண்டு கருவிகள்

புகையையும் காற்றையும் நேரடியாகக் கலக்க முடியாது. கலந்தால் எரியத் தேவையான ஆக்சிஜன் நீர்த்துப்போகும். கலக்காமல் வெப்பத்தை மட்டும் மாற்ற இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று ரெக்யூபரேட்டர். புகைவழியில் குழாய்களை நிறுத்தி, குழாய்க்கு வெளியே புகையும் உள்ளே காற்றும் ஓடும்படி செய்வது. உலோகச் சுவர் வழியாக வெப்பம் இடைவிடாமல் கடக்கும். எளியது, அசையும் பாகம் இல்லை. ஆனால் குழாய் தாங்கும் வெப்பநிலைதான் எல்லை. சாதாரண மில்களில் காற்று 300, 400 டிகிரியோடு நின்றுவிடும்.

மற்றொன்று ரீஜெனரேட்டர். தீ தாங்கும் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய இரண்டு அறைகள். ஓர் அறை வழியாகப் புகை போகும்போது செங்கல் சூடேறும். பிறகு திசையை மாற்றிவிட்டு, சூடேறிய அறை வழியாகக் காற்றை உள்ளே விடுவார்கள். புகை மற்ற அறைக்குப் போகும். மாறி மாறி இது நடந்துகொண்டே இருக்கும். கண்ணாடி உருக்கும் உலைகளில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை திசை மாறும். மாறும் அந்தச் சில நொடிகள் உலைக்குள் சுடரே இருக்காது. செங்கல்லுக்கு உலோகத்தின் பலவீனம் கிடையாது என்பதால் காற்று 1,200 டிகிரிக்கு மேலும் சூடேறுகிறது. இதே தத்துவத்தைச் சிறிய பீங்கான் உருண்டைகளைக் கொண்டு பர்னருக்குள்ளேயே அடக்கிய ரீஜெனரேட்டிவ் பர்னர்கள் இப்போது அலுமினிய, எஃகு உலைகளில் ஜோடி ஜோடியாக வேலை செய்கின்றன.

ரீஜெனரேட்டரின் வரலாறு, மீட்பு என்றால் சிக்கனம் மட்டும்தான் என்ற எண்ணத்தைக் கலைத்துவிடும். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டெர்லிங் 1816-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அதை உலைக்குக் கொண்டுவந்தவர்கள் சீமென்ஸ் சகோதரர்கள். ஃபிரெடரிக் சீமென்ஸ் 1856-இல் காப்புரிமை பெற்றார். மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1862 ஜூனில் ஆற்றிய தம் கடைசி வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்ட பொருளே இந்த உலைதான். அதுவரை, குளிர்ந்த காற்றில் எரியும் சுடரால் எஃகைப் பெரிய திறந்த தொட்டியில் உருக்கி வைத்திருக்க முடியவில்லை, சூடு எட்டவில்லை. காற்றை முன்கூட்டியே சூடாக்கியதும் சுடரின் வெப்பநிலை ஏறியது. 1865-இல் பிரான்சின் பியர்-எமில் மார்ட்டின் அப்படி ஒரு உலையில் எஃகு உருக்கிக் காட்டினார். பின்னர் பல பத்தாண்டுகள் உலகின் எஃகில் பெரும்பங்கு சீமென்ஸ்-மார்ட்டின் முறையில்தான் வந்தது. புகையோடு போயிருக்க வேண்டிய வெப்பம் இல்லையென்றால் அந்தத் தொழிலே இல்லை.

## மின்சாரம் எப்போது சரி

மின்சாரம் எடுக்க, புகையைக் கொண்டு பாய்லரில் நீராவி உண்டாக்கி டர்பைனைச் சுழற்ற வேண்டும். வெப்பத்தை முழுதாக வேலையாக மாற்ற முடியாது என்று 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ காட்டிவிட்டார். 300 டிகிரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு 30 டிகிரியில் கழிக்கும் எந்த இயந்திரமும் 47 சதவீதத்தைத் தாண்ட முடியாது. அது குறையே இல்லாத கற்பனை இயந்திரத்துக்கான எல்லை. நிஜ ஆலையில், வெப்பத்தை எடுக்க எடுக்கப் புகையும் ஆறிக்கொண்டே போகிறது. அந்த எல்லையில் பாதி கிடைத்தாலே மகிழ வேண்டும்.

ஆனால் சிமென்ட் ஆலைக்கு மின்சாரம் பொருந்துகிறது. அரியலூர்ப் பக்கம் போனால் வயல்களுக்கு அப்பால் தெரியும் உயரமான கோபுரம் சிமென்ட் ஆலையின் ப்ரீஹீட்டர். சூளையிலிருந்து மேலேறும் சூடான புகைக்கு எதிராக அரைத்த சுண்ணாம்புக்கல் தூள் நான்கு முதல் ஆறு அடுக்கு வழியாகக் கீழே இறங்கி வரும். அந்தக் கோபுரமே ஒரு மீட்புக் கருவிதான். உலைக்குத் திருப்ப வேண்டியதை அங்கேயே திருப்பியாகிவிட்டது. அதற்கு மேலும் புகை சுமார் 300 டிகிரியில் மிஞ்சுகிறது. கல்லையும் நிலக்கரியையும் உலர்த்தியது போக எஞ்சுவதற்கு வேறு வேலை இல்லை. சூளை இரவு பகலாக ஓடுகிறது. இத்தனையும் கூடி வந்தால் டர்பைன் வைக்கலாம்.

நம் ரோலிங் மில்லில் நிலைமை வேறு. உருளை மாற்ற உலையைத் தணிப்பார்கள், ஆர்டர் இல்லையென்றால் ஒரு ஷிப்ட் நிறுத்துவார்கள். புகையின் அளவும் சூடும் நாள் முழுக்க ஏறி இறங்கும். டர்பைனுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது. சூடான காற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை: புகை வரும்போதுதான் பர்னருக்குக் காற்றும் தேவை, இரண்டும் ஒன்றாகவே கூடும், ஒன்றாகவே குறையும்.

## கருவி வாங்கும் முன் ஆக்சிஜனைப் பார்க்க வேண்டும்

"எங்கள் புகை 480 டிகிரிதான், மீட்பதற்கு ஒன்றுமில்லை" என்று சொல்லும் ஆலைகளும் உண்டு. வெப்பமானியை மட்டும் நம்பினால் இப்படித்தான் சொல்லத் தோன்றும்.

பில்லெட் நுழையும் கதவருகே நின்று பாருங்கள். கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். உலைக்குள் அழுத்தம் சற்று அதிகமாக இருந்தால் அந்த இடைவெளி வழியாகச் சுடர் நாக்கை நீட்டும். அது தொழிலாளிக்குத் தொல்லை என்பதால் புகையின் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கப் புகைவழியில் வைத்திருக்கும் டேம்பர் தட்டை நன்றாகத் திறந்துவிடுவார்கள். இழுவை கூடும், சுடர் உள்ளே போய்விடும். கூடவே வெளிக்காற்றும் உள்ளே போகும், சத்தமில்லாமல்.

அந்தக் காற்று புகைவழியில் கலந்தால் நடப்பது இது: 900 டிகிரியில் வரும் 18 கிலோ புகையோடு 18 கிலோ குளிர்காற்று கலந்தால் வெப்பமானி 480, 490 என்று காட்டும். வெப்ப அளவு துளியும் குறையவில்லை, தரம் பாதியாகிவிட்டது. மீட்க ஒன்றுமில்லை என்று சொன்னவரின் கையில் உண்மையில் இருந்தது 900 டிகிரிப் புகை. அந்தக் குளிர்காற்று உலைக்குள்ளேயே புகுந்தால் இன்னும் மோசம். அப்படி நுழையும் ஒவ்வொரு கிலோ காற்றும் சுமார் 950 கிலோஜூலைத் தூக்கிக்கொண்டு புகைப்போக்கிக்குப் போகிறது. அதற்கான எண்ணெயை நாம்தான் எரித்திருக்கிறோம்.

இதைக் காட்டிக்கொடுப்பது ஆக்சிஜன் அளவு. புகையில் 3.5 சதவீதம் ஆக்சிஜன் என்றால் மிகைக் காற்று 20 சதவீதம், நல்ல நிலை. 10.5 என்றால் தேவையைப் போல இரண்டு மடங்கு காற்று இருக்கிறது என்று பொருள். மேலே சொன்ன 480 டிகிரிப் புகையைச் சோதித்தால் 12 சதவீதத்தை ஒட்டிக் காட்டும். கதவைச் சீராக்குவது, டேம்பரை உலை அழுத்தத்தைப் பார்த்து இயக்குவது, பர்னர் காற்றைச் சரி செய்வது ஆகிய மூன்றையும் செய்யாமல் ரெக்யூபரேட்டர் வாங்குவது, ஓட்டைக் குடத்துக்கு மூடி வாங்குவதுதான்.

சுருக்கமாக வரிசை இது: முதலில் வீணாவதைக் குறைப்பது, அடுத்து உலைக்கே திருப்புவது, மிஞ்சினால் பக்கத்தில் உள்ள உலர்த்தும் வேலைக்கோ நீராவிக்கோ கொடுப்பது, அதற்கும் பிறகு மின்சாரம்.

## சூடான காற்றின் தொல்லைகள்

காற்று 30 டிகிரியிலிருந்து 350 டிகிரிக்குச் சூடேறினால் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாக விரியும். பழைய குழாயும் பழைய பர்னரும் அதற்குப் பத்தாது. குழாய்க்கு வெப்பக் காப்பும் போட வேண்டும். கருவியின் விலையை மட்டும் விசாரித்துவிட்டு இதை மறப்பவர்கள் பிறகு பட்ஜெட்டைத் திருத்துவார்கள். சுடர் அதிகச் சூடாவதால் காற்றை மாசுபடுத்தும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூடும். பர்னர் வடிவமைப்பில் அதைக் கவனித்தாக வேண்டும்.

ரெக்யூபரேட்டர் குழாய்களைக் குளிர்விப்பதே உள்ளே ஓடும் காற்றுதான். மின்சாரம் போய்க் காற்று விசிறி நின்றால், உலைச் சுவர்களின் சூட்டில் குழாய்கள் வெந்துவிடும். உலையைத் தணித்து ஓட்டும்போதும் இதே ஆபத்து உண்டு. அதனால் அப்போது சூடான காற்றில் ஒரு பகுதியை வெளியே விட்டு, குழாய்க்குள் ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். பார்ப்பவருக்கு அது வீண்செலவாகத் தெரியும். குழாய் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. எஃகின் மேலிருந்து உதிரும் செதிலும் கரியும் குழாயில் படியும் என்பதால் சுத்தம் செய்ய இடம் விட்டுக் கட்டுவதும் அவசியம்.

மறுமுனையில் இன்னொரு எல்லை இருக்கிறது. ஃபர்னஸ் ஆயிலில் கந்தகம் உண்டு. அது எரிந்து, ஒரு சிறு பகுதி புகையிலுள்ள நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலமாகும். சூடாக இருக்கும்வரை அது ஆவியாகப் போய்விடும். சுமார் 120 முதல் 150 டிகிரிக்குள் ஏதோ ஒரு புள்ளியில் அது குழாய்ச் சுவரில் திரவமாகப் படியத் தொடங்கி உலோகத்தை அரிக்கும். அந்த வெப்பநிலைக்கு அமிலப் பனிநிலை என்று பெயர். எனவே எண்ணெய் உலையின் புகையை 160, 180 டிகிரிக்குக் கீழே இறக்க மாட்டார்கள். கந்தகம் இல்லாத இயற்கை எரிவாயுவில் இந்த எல்லை இன்னும் கீழே இறங்கும்.

அந்தக் கடைசி 160, 180 டிகிரியும் சும்மா போகவில்லை. விசிறி இல்லாமல் புகைப்போக்கியின் இயற்கையான இழுவையில் ஓடும் உலைகளில், புகை வெளிக்காற்றைவிடச் சூடாகவும் அதனால் லேசாகவும் இருப்பதால்தான் மேலே ஏறுகிறது. அதையும் எடுத்துவிட்டால் விசிறி வைத்து, மின்சாரம் செலவழித்து, அந்தப் புகையை இழுக்க வேண்டியிருக்கும்.